செக்காலை ரோட்டுக் கடையில் லீவு நாள் கார்டு போட்டி: பிள்ளையை அனுப்பலாமா?

டிசம்பர் 6, சனி

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டது: “காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் அரையாண்டு லீவுக்குப் போக்கிமான் கார்டு போட்டி வைக்கிறார்களாம். பிள்ளையார் நோன்பு வருவதால் நோன்பு ஸ்பெஷல் என்று நோட்டீஸ் வேறு. காசு கொடுத்து பாக்கெட் வாங்கி, பிரித்து, உள்ளே என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது சூதுதானே? என் மகன் ஆறாவது படிக்கிறான். அனுப்பலாமா?”

டிசம்பர் 6, இரவு

அனுப்புங்கள். அந்த நோட்டீஸை எழுதியதே நான்தான், அதனால் பதிலும் நானே சொல்கிறேன்.

இது சூது இல்லை. ஆளுக்கு 60 கார்டு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. கையில் ஏழு கார்டு, ஓரமாக ஆறு பரிசுக் கார்டு கவிழ்த்து வைத்திருக்கும். எதிராளியின் போக்கிமான் (கார்டில் இருக்கும் கற்பனைப் பிராணி) ஒன்றை வீழ்த்தினால் ஒரு பரிசுக் கார்டை எடுத்துக்கொள்ளலாம், ஆறையும் முதலில் எடுத்தவருக்கு ஜெயம். எதை எப்போது இறக்குவது, எதைக் கையிலேயே பிடித்து வைப்பது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. ரம்மி தெரிந்தவர்களுக்கு அரை மணியில் பிடிபட்டுவிடும்.

ஆறு வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். தங்கியிருந்த பிளாக்குக்குப் பக்கத்திலேயே ஒரு கார்டு கடை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அங்கேதான். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த சினேகிதர்கள் எல்லாருமே அந்த மேஜையில் கிடைத்தவர்கள். ஊருக்குத் திரும்பி எங்கள் இரும்புக்கடையைப் பார்க்க ஆரம்பித்த பிறகு எதிரே உட்கார ஆள் இல்லை, அக்கா மகனைத் தவிர. அவனும் எத்தனை நாள்தான் மாமாவோடேயே ஆடுவான். அதற்காகத்தான் இந்தப் போட்டி.

டிசம்பர் 7

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். நீங்கள் கேட்டது ஆட்டத்தைப் பற்றி இல்லை, பாக்கெட்டைப் பற்றி. நான் ஆட்டத்தைப் பற்றிப் பேசித் தப்பித்துவிட்டேன். சரி, பாக்கெட்டைப் பற்றியே சொல்கிறேன்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு அட்டை தொங்கும். அதில் வரிசையாக ஒட்டிய சீட்டு. காசு கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஒரு நம்பர், அந்த நம்பருக்கு ஒரு பரிசு. பெரும்பாலும் மிட்டாய்தான் வரும். மேலே பெரிய பந்து ஒன்று கட்டியிருக்கும், அது யாருக்கு விழுந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை நிறுத்தினார்கள். நிறுத்தும்வரை அதே பழக்கம் பெரியவர்களிடமும் இருந்தது. கார்டு பாக்கெட்டைப் பிரிக்கும்போது விரலில் வருகிற படபடப்பு அதே படபடப்புதான். நான் அனுபவித்தவன், இல்லை என்று சொன்னால் பொய். சம்பளம் வந்த வாரம் பாக்கெட்டாகவே வாங்கிக் கிழித்துவிட்டு, மாசக் கடைசியில் கையைப் பிசைந்த மாதங்கள் உண்டு.

ஆக, ஆட்டம் சூது இல்லை. பாக்கெட் சூதுக்குப் பக்கத்து வீடு. இன்று கடைக்கார அண்ணனிடம் உட்கார்ந்து பேசிவிட்டேன்: போட்டி அன்றைக்குப் பாக்கெட் விற்பனை கிடையாது, பரிசாகவும் பாக்கெட் கிடையாது. அண்ணனுக்கு அதில் நஷ்டம். “புள்ளைங்க பழகட்டும், வியாபாரம் அப்புறம் பாப்போம்” என்றார். நுழைவுக்கு 50 ரூபாய், அது டீக்கும் கார்டு உறைக்கும்.

டிசம்பர் 9

போட்டி டிசம்பர் 27, சனிக்கிழமை, மதியம் 2.30. நோன்புக்கு ஊருக்கு வந்தவர்கள் இன்னும் பெட்டி கட்டியிருக்க மாட்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் சேர்வது வருஷத்தில் இந்தப் பத்து நாள்தான்.

நோன்பு தெரியாதவர்களுக்கு: பிள்ளையார் நோன்பு செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் கும்பிடுவது. கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள், நாளுக்கு ஒரு நூலாகக் கோடி வேட்டியிலிருந்து 21 இழை. அதைத் திரித்துத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது. “இழை எடுத்துக்கொள்வது” என்போம்.

அந்த 21-ஐ ஆட்டத்துக்குள் கொண்டுவர யோசனை: அன்றைக்கு மட்டும் 21 கார்டு டெக் (ஒருவர் ஆடுகிற கட்டு). சின்னப் பிள்ளைகளுக்கும் கலைத்துப் போட சுலபம். எப்படி இருக்கிறது?

டிசம்பர் 10

வாபஸ். அக்கா மகனோடு ஆடிப் பார்த்தேன். 21-ல் கைக்கு 7, பரிசுக்கு 6 போனால் மிச்சம் எட்டே கார்டு. முறைக்கு ஒன்று எடுத்தாக வேண்டும். இரண்டு மூன்றாகச் சேர்த்து எடுக்கச் சொல்லும் கார்டுகளும் டெக்கில் உண்டு. எடுக்க வேண்டிய நேரத்தில் கார்டு இல்லையென்றால் தோல்வி என்பது விதி. நான்காவது முறையிலேயே அவன் டெக் காலி. “மாமா, சண்டையே போடல, அதுக்குள்ள தோத்துட்டேன்” என்றான்.

புது செட் வரும்போது வெளிநாட்டுக் கடைகளில் நடத்தும் முன்னோட்டப் போட்டிகளில் 40 கார்டு, 4 பரிசு என்று குறைப்பார்கள். அதில் 29 மிச்சம் இருக்கும், தாங்கும். நமக்கு வழக்கமான 60-ம் 6-ம் போதும்.

டிசம்பர் 12

வருகிறவர்கள் போலிக் கார்டு கொண்டு வராதீர்கள். தங்கக் கலரில் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று, ஒரு பெட்டியில் 55 என்று பொம்மைக் கடையிலும் திருவிழாக் கடையிலும் விற்கிறதே, அது அசல் இல்லை. காகிதத்தில் அச்சடித்த போலிகளும் உண்டு. கண்டுபிடிக்கிற வழி:

செல்போன் டார்ச்சைக் கார்டுக்குப் பின்னால் பிடியுங்கள். அசல் கார்டு இரண்டு காகிதத்துக்கு நடுவே ஒரு கறுப்பு அடுக்கு வைத்து ஒட்டியது, வெளிச்சத்தைப் பெரும்பாலும் மறைத்துவிடும். போலியில் டார்ச் பளிச்சென்று ஊடுருவும். அசலின் ஓரத்தை உற்றுப் பார்த்தாலும் நடுவில் மெல்லிசாக அந்தக் கறுப்புக் கோடு தெரியும். முதுகுப் பக்க நீலம் இரண்டு கார்டில் இரண்டு விதமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கிழித்துப் பார்ப்பது இன்னொரு வழி. அசலாக இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள், அதனால் வேண்டாம்.

டிசம்பர் 13

கண்டனூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். அவர் மகனிடம் இருப்பது அந்தத் தங்கக் கார்டு ஒரு பெட்டி மட்டும்தான். நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டானாம். சாப்பிடவும் சரியாக வரவில்லையாம்.

ராத்திரி முழுக்க இதே நினைப்பு. அவனை ஏமாற்றியது அச்சடித்து விற்றவன். தண்டனை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால் விதி மாறுகிறது. யாரும் சொந்த டெக் கொண்டு வர வேண்டாம், அசலாக இருந்தாலும். கடையில் 8 டெக் இருக்கிறது, என்னிடம் 12 இருக்கிறது. இருபதுக்கும் நம்பர் ஒட்டி, வந்த உடனே துண்டுச் சீட்டு எடுத்து, எந்த நம்பர் வருகிறதோ அதை ஆட வேண்டியது. சிங்கப்பூரிலிருந்து ஆல்பம் ஆல்பமாகக் கொண்டு வருகிற பிள்ளைக்கும் கண்டனூர்ப் பிள்ளைக்கும் கையில் ஒரே சரக்கு. தம்பி, உன் தங்கக் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு வா. எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 13, இரவு

இரவல் டெக் என்று சொல்லியாயிற்று, இப்போது இருபதையும் சமமாகக் கட்ட வேண்டும். இரண்டு மணி நேரமாகத் தரையில் பரப்பி வைத்திருக்கிறேன்.

முக்கியமான ஒரு கணக்கு. முதல் ஏழு கார்டில் பேசிக் போக்கிமான் (கையிலிருந்து நேராக இறக்கக்கூடியது) ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைத்துப் போட வேண்டும், எதிராளிக்கு ஒரு கார்டு கூடுதலாக எடுக்க உரிமை வரும். 60-ல் 8 பேசிக் மட்டும் இருந்தால் மூன்றில் ஒரு தடவை இந்தக் கஷ்டம் வரும். 12 இருந்தால் ஐந்தில் ஒரு தடவை. முதல் தடவை ஆடுகிற பிள்ளை, பத்துப் பேர் பார்க்கக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கலைப்பது எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும். எல்லா டெக்கிலும் 14 வைத்துவிட்டேன்.

டிசம்பர் 14

நோட்டீஸிலிருந்து “நோன்பு ஸ்பெஷல்” என்பதை எடுத்துவிட்டோம். முதல் பரிசுக்கு “இழை” என்று பேர் வைக்கலாம் என்று சொன்னேன். அப்பத்தா பொரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “நோன்பு வீட்டுக்குள்ள பண்றது. அதைக் கடைத்தெருவுக்கு இழுக்காதப்பா. பலகாரம் வேணும்னா தர்றேன், கொண்டு போயி புள்ளைகளுக்குக் குடு.” அவர் சொன்னதுதான் சரி. பேர் இனி “லீவு நாள் போட்டி”. பலகாரம் மட்டும் நோன்புப் பலகாரம்.

டிசம்பர் 18

சாமான் கணக்கு. அடிபட்ட போக்கிமான் மேல் அடிக்கணக்கு வைக்கச் சின்னச் சின்ன வில்லைகள் வேண்டும், ஒரு வில்லை என்றால் பத்து அடி. இருபது பேருக்கு வாங்க அண்ணனிடம் சரக்கு இல்லை. அப்பத்தாவின் பல்லாங்குழிச் சோழி ஒரு சுருக்குப்பை நிறைய இருக்கிறது. கார்டு மேல் வைத்தால் வழுக்காமல் உட்காருகிறது, தூரத்திலிருந்தும் எண்ணலாம். சோழிதான்.

சில கார்டுகளுக்குக் காசு சுண்டிப் பூவா தலையா பார்க்க வேண்டும். காசு உருண்டு மேஜைக்கடியில் போய்விடும். தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை இருக்கிறதே, அதைப் போட்டால் போதும். வெள்ளை விழுந்தால் பூ.

டிசம்பர் 19

புளியங்கொட்டை வேண்டாம். ஒரே கொட்டையை 100 தடவை போட்டு எழுதிப் பார்த்தேன், 63 தடவை வெள்ளை. தேய்த்த பக்கம் தட்டை, மற்றப் பக்கம் உருண்டை, சமமாக விழ வழியே இல்லை. தாயத்தில் இரண்டு பேரும் அதே கொட்டையைப் போடுவதால் அது குறையாகத் தெரிவதில்லை. இங்கே பூ விழுந்தால் ஒருவருக்குத்தான் லாபம்.

பதிலுக்குப் பித்தளைத் தாயக்கட்டை. நாலு பக்கமும் ஒரே அளவு, 0, 1, 2, 3 என்று குத்தியிருக்கும். ஒற்றை விழுந்தால் பூ, இரட்டையும் வெறும் பக்கமும் தலை. சரிபாதி. எங்கள் வீட்டில் இரண்டு ஜோடி இருக்கிறது, அக்கா வீட்டில் ஒரு ஜோடி. ஆக ஆறு கட்டை. பத்து மேஜைக்கு இன்னும் நாலு வேண்டும், இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள்.

டிசம்பர் 21

எத்தனை சுற்று என்று இரண்டு பேர் கேட்டார்கள். சுவிஸ் முறை. செஸ் போட்டிக்குப் போன பிள்ளைகளுக்குத் தெரியும், 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடும் இப்படித்தான், அங்கே 11 சுற்று. தோற்றவர் வெளியே போக வேண்டியதில்லை. ஜெயித்தவரோடு ஜெயித்தவர், தோற்றவரோடு தோற்றவர் என்று அடுத்த சுற்றுக்கு ஜோடி. பஸ் ஏறி வருகிற பிள்ளை ஒரே ஆட்டத்தில் மூட்டை கட்டக் கூடாது.

16 பேர் பதிந்திருக்கிறார்கள், 4 சுற்று. ஜெயித்தால் 3 புள்ளி. கடைசியில் இரண்டு பேர் சமமாக நின்றால், யார் சந்தித்த எதிராளிகள் அதிகம் ஜெயித்திருக்கிறார்களோ அவர் முதல். முதல் பரிசு: இருபது டெக்கில் பிடித்த ஒன்றை வீட்டுக்கே எடுத்துப் போகலாம்.

இன்னொன்று. எல்லாரும் தங்களிடம் இருக்கிற ஒரு கார்டைக் காகிதத்தில் சுற்றி ஓலைக் கொட்டானில் போட வேண்டும். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். தங்கக் கார்டானாலும் சரி.

பலகாரத்தில் தேன்குழலும் சீப்புச்சீடையும் மேஜைக்கு வரலாம். கருப்பட்டிப் பணியாரம் வாசல் பக்கம்தான், தின்று கை கழுவிவிட்டு உள்ளே வரவும். உறை போட்ட கார்டில்கூட எண்ணெய் ஏறிவிடும்.

டிசம்பர் 27, இரவு

முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது. தூங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

16 என்று கணக்குப் போட்டால் 19 பேர் வந்தார்கள். கடை மாடியில் சரக்குக் கட்டெல்லாம் ஓரம் தள்ளி, பந்தல் கடையிலிருந்து மேஜை எடுத்துப் போட்டிருந்தோம். முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஃபேன் காற்றில் நாலாவது மேஜையின் பரிசுக் கார்டுகள் மொத்தமும் பறந்துவிட்டன. எது யாருடையது என்று தெரியாமல் இரண்டு பேரும் விழிக்கிறார்கள். ஃபேனை நிறுத்தினோம். மார்கழி என்பதால் சமாளித்தோம், சித்திரையில் இதே மாடியில் நடத்த முடியாது.

19 ஒற்றைப்படை. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவருக்கு எதிராளி இருக்க மாட்டார், ஆடாமலே ஜெயித்ததாகப் புள்ளி கிடைக்கும். முதல் சுற்றில் அந்தச் சீட்டு கண்டனூர்த் தம்பிக்கு விழுந்தது. “நீ ஜெயிச்சுட்டப்பா” என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. கையில் டெக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் ஆடவே இல்லையே” என்றான். மூன்று நாளாக வீட்டில் தங்கக் கார்டை வைத்தே ஆடிப் பழகியிருக்கிறான். கணக்குத் தாளை அண்ணனிடம் கொடுத்துவிட்டு அவன் எதிரே நான் உட்கார்ந்தேன். கலைக்கத் தெரியவில்லை, அறுபதும் சின்னக் கைக்கு அடங்கவில்லை. நாலு கட்டாகப் பிரித்துக் கலைத்து ஒன்று மேல் ஒன்றாக அடுக்கினான். முதல் எனர்ஜியை (போக்கிமான் அடிக்கத் தேவையான சக்திக் கார்டு) வைக்கும்போது கார்டைப் படத்துக்கு நேராக, ஓரம் கோணாமல், விரலால் தட்டித் தட்டிச் சரி செய்தான். எனக்கு அவசரமே இல்லை. என்னுடைய ஒரு போக்கிமானை வீழ்த்திப் பரிசுக் கார்டை எடுத்தபோது அதைப் புரட்டிப் பார்க்கவில்லை, முதலில் அம்மாவைப் பார்த்தான்.

பெட்டியையும் கொண்டு வந்திருந்தான். டார்ச் போட்டுக் காட்டினேன். “சரி, இது ஆடறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு” என்று அவனே சொல்லி மூடிவிட்டான்.

கல்லுக்கட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், எட்டாவது படிப்பவள். போன மாதம் வரை கார்டையே தொட்டதில்லை, கடைக்கார அண்ணன் பெண்ணோடு ஒரே வகுப்பு. சீட்டில் ஏழாம் நம்பர் தீ டெக் வந்தது. மூன்றாவது சுற்றில் புல் டெக் ஆடிய பையனை எட்டே நிமிஷத்தில் முடித்தாள். புல்லுக்குத் தீ இரண்டு மடங்கு அடி. சோழியை எண்ணி வைக்கிற வேகம் பல்லாங்குழி ஆடிய கை என்று காட்டிக் கொடுத்துவிட்டது. நாலும் ஜெயித்தாள். அந்தப் பக்கம் பள்ளத்தூருக்கு நோன்புக்கு வந்த சிங்கப்பூர்ப் பையன், நீர் டெக், அவனும் நாலு. இருவரும் சந்திக்கவே இல்லை. 19 பேருக்கு ஒழுங்காக 5 சுற்று வைக்க வேண்டும், 16-க்கு மேல் போனாலே நாலு போதாது. தெரிந்தும், பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போக வேண்டும் என்று நாலோடு நிறுத்தினேன்.

எதிராளிகள் கணக்குப் பார்த்தால் அவள் முதல். ஆனால் பையன், “நாங்க ரெண்டு பேரும் ஆடலையே அங்கிள்” என்றான். அவளும் “ஆடறேன்” என்றாள். எல்லாரும் சுற்றி நின்றுகொண்டார்கள். சரி என்றேன். தீயும் நீரும், இந்தத் தடவை இரண்டு மடங்கு அடி அவள் மேல் விழுந்தது. கடைசி இரண்டு பரிசுக் கார்டு பாக்கி இருக்கும்போது அவளுக்குத் தாயக்கட்டையில் ஒற்றை விழ வேண்டும். உள்ளங்கையில் உருட்டிப் போட்டாள். வெறும் பக்கம். அவன் ஜெயித்து, பதினோராம் நம்பர் மின்னல் டெக்கை எடுத்துக்கொண்டான்.

டிசம்பர் 28

கொட்டானைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். 19 பொட்டலம், 19 பேரும் எடுத்தார்கள். கண்டனூர்த் தம்பி போட்ட தங்கக் கார்டு போய்ச் சேர்ந்தது சிங்கப்பூர்ப் பையனுக்கு. அந்த ஊரில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையாம், தனி உறை போட்டு ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்தான்.

டிசம்பர் 28, மதியம்

தேவகோட்டை வாசகர் (மகனோடு வந்திருந்தார், மகனுக்கு இரண்டு ஜெயம் இரண்டு தோல்வி) கேட்கிறார்: “சமமானால் எதிராளிகள் கணக்கு என்று 21-ஆம் தேதி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நேற்று அந்தப் பெண் ஏற்கெனவே ஜெயித்தாயிற்று. எதற்கு இன்னொரு ஆட்டம்?”

அவள் ஆட ஒப்புக்கொண்டாள், அதனால் ஆட விட்டேன்.

டிசம்பர் 28, இரவு

மேலே எழுதிய பதில் சரியில்லை. இருபது பேர் சுற்றி நிற்கும்போது எட்டாவது படிக்கிற பெண் “மாட்டேன், விதிப்படி நான்தான் முதல்” என்று எப்படிச் சொல்வாள்? அதைச் சொல்ல வேண்டியவன் நான். அதற்குத்தான் கணக்குத் தாள் என் கையில் இருந்தது. சிங்கப்பூர்ப் பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவன் ஆட்டம் கேட்டான், ஆடினான், ஜெயித்தான். முன்கூட்டிச் சொன்ன விதியைக் கூட்டத்தைப் பார்த்து மாற்றியது நான். கண்டனூர்த் தம்பிக்காக விதியை மாற்றியபோது போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது, எல்லாருக்கும் தெரிந்து மாற்றினேன். இது அப்படி இல்லை.

நாளைக்கு ஏழாம் நம்பர் டெக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன்.

டிசம்பர் 29

போனேன். அவள் அம்மா முகப்பில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். “நான்தானே ஆடறேன்னு சொன்னேன்.” ஆமாம், ஆனால் நான் கேட்டிருக்கவே கூடாது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் டெக்கை வாங்கித் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். ஆத்தங்குடிக் கல் மேல் பத்துப் பத்தாக ஆறு வரிசை. கடைசி வரிசையில் ஒன்பது. 

“அண்ணே, ஒண்ணு குறையுது. தீ எனர்ஜி.”

பரிசு என்று கொண்டுபோனது 59 கார்டு. வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். “இல்லண்ணே, அதே கார்டு எங்கயாவது இருக்கும், தேடுங்க” என்றாள்.

டிசம்பர் 31

வேறு ஒரு புகார். போட்டி அன்றைக்குக் கார்டு மாற்றிக்கொள்ள வைத்திருந்த மேஜையில் கோட்டையூர்ப் பையன் ஒருவன் ஏமாந்துவிட்டான் என்று அவன் அப்பா எழுதியிருக்கிறார். கார்டின் கீழ் மூலையில் இருக்கும் குறியைப் பார்த்து, வட்டத்துக்கு வட்டம், டைமண்டுக்கு டைமண்ட், நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் என்று மட்டும் மாற்றலாம் என விதி வைத்திருந்தோம். வட்டம் சாதாரணம், டைமண்ட் நடுத்தரம், நட்சத்திரம் அரிது. நியாயம் என்று நினைத்தேன். ஆனால் நட்சத்திரத்துக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. விதியை அனுசரித்தே அவன் ஏமாந்திருக்கிறான். மாற்றிய இரண்டு வீடும் எனக்குத் தெரியும், இரண்டு பேரும் கார்டைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். அடுத்த தடவை நட்சத்திரக் கார்டு மாற்றுவதென்றால் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், இரண்டு நாளைக்குள் மனசு மாறினால் திருப்பிக்கொள்ளலாம்.

ஜனவரி 4

தீ எனர்ஜி கிடைத்துவிட்டது. ஃபேன் காற்றில் பறந்து சரக்குக் கட்டுக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. அண்ணன் நோட்டுக் கட்டை நகர்த்தும்போது விழுந்திருக்கிறது. நேற்று சனிக்கிழமை அவள் கடைக்கு வந்து வாங்கிக்கொண்டாள். கண்டனூர்த் தம்பியும் வந்திருந்தான், மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றும் அவளுக்குத்தான்.

அடுத்தது எப்போது என்று கேட்கிறவர்களுக்கு: பொங்கல் லீவில் இல்லை, அண்ணன் கடைக்குக் கரும்பும் கோலப்பொடியும் வந்துவிடும், மாடியில் இடம் இருக்காது. தை கடைசிச் சனிக்கிழமை வைக்கலாம் என்று பேச்சு. 16-க்கு மேல் வந்தால் 5 சுற்று, அதற்காக 1.30-க்கே ஆரம்பம். ஒற்றைப்படை ஆனால் எதிரே உட்கார ஒரு பெரியவர் தயாராக இருப்பார், தேவகோட்டை வாசகர் தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சாமானை எண்ணும்போது எங்கள் வீட்டுத் தாயக்கட்டை மூன்றுதான் வருகிறது. ஒரு முனையில் நசுங்கல் இருக்கும், 2 பக்கத்தில் ஒரு குழி தேய்ந்திருக்கும். யார் பையிலாவது இருந்தால் கடையில் கொடுத்துவிடுங்கள், அப்பத்தா தினமும் கேட்கிறார்.